சென்னைக்குள் வாடகையா, புறநகரில் சொந்த வீடா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் பதினோரு வருடம் வாடகைக்கு இருந்தோம். 2022இல் வீட்டுக்காரம்மா வாடகையை ஒரேயடியாக ஏற்றியதும், தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம் என்று கிளம்பினோம். நடுவில் இரண்டு வாடகை வீடு மாறி, இப்போது கூடுவாஞ்சேரியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். அன்றிலிருந்து அலுவலகத்திலோ உறவிலோ வீடு தேடுகிற யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது தெற்குப் பக்கம் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும்.

சிட்டி எங்கே முடிகிறது, புறநகர் எங்கே தொடங்குகிறது?

அரசாங்கக் கணக்கில் இந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2011இல் அம்பத்தூர், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் தனி மாநகராட்சிகள் ஆயின. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் எல்லையை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904க்கு விரித்தார்கள். ஆகவே 'சென்னை மாநகர எல்லைக்குள்' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை.

வீடு தேடுகிறவருக்கு உதவும் கோடு வேறு. வீட்டு வாசலிலிருந்து ரயில் ஓடுகிற நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை? பத்து நிமிடத்துக்குள் என்றால் கூடுவாஞ்சேரிகூட ஊருக்குப் பக்கம்தான். நிலையத்துக்கே ஷேர் ஆட்டோவில் அரை மணி என்றால், தாம்பரம் மாநகராட்சிக்குள் இருந்தாலும் அது தூரம்தான்.

வாடகை கொடுப்பது தண்டம் இல்லையா? அதே காசைத் தவணையாகக் கட்டினால் வீடு நமக்கு ஆகிவிடுமே?

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். 'அதே காசு' என்பது சரியா என்று முதலில் பார்ப்போம். கீழே வருபவை நான் வைத்துக்கொண்ட எண்கள். அந்த இடங்களில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் ஒரு வீடு 1.2 கோடி, புறநகரில் அதே அளவு வீடு 60 லட்சம் என்று கொள்வோம். 75 லட்சத்துக்கு மேல் கடன் என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம். ஆக நகரத்து வீட்டுக்கு 90 லட்சம் கடன், கையிலிருந்து 30 லட்சம். புறநகர் வீட்டுக்கு 48 லட்சம் கடன், கையிலிருந்து 12 லட்சம். பத்திரச் செலவு இதில் சேராது. அதையும் கையிலிருந்துதான் போட வேண்டும்.

வட்டி 8.5 சதவீதம், இருபது வருடம் என்றால் ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். 90 லட்சத்துக்கு 78,000 ரூபாய் வரும். 48 லட்சத்துக்கு ஏறக்குறைய 41,700 வரும். நகரத்துக்குள் அதே மாதிரி வீட்டின் வாடகை 25,000 என்று வைத்துக்கொண்டால், புறநகர்த் தவணையே அதைவிடப் பதினாறாயிரம் கூடுதல். அந்த 48 லட்சத்துக்கு இருபது வருடத்தில் கட்டும் வட்டி மட்டும் சுமார் 52 லட்சம். வாடகை தண்டம் என்றால் வட்டியை என்னவென்று சொல்வது?

அதற்காக வாங்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாடகை வருடா வருடம் ஏறும், தவணை அப்படி ஏறாது என்பது நியாயமான வாதம். ஆனால் தவணையும் முழுக்க நிலையானது இல்லை. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்கள் பலருக்குத் தவணைக் காலம் வருடக்கணக்கில் நீண்டது. கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போனால், இன்னும் இரண்டு வருடம் வாடகையிலேயே இருந்து முன்பணம் சேருங்கள் என்பேன்.

புறநகருக்குப் போனால் மிச்சமாகும் பணம் போக்குவரத்தில் போய்விடாதா?

ரயிலில் போகிறவருக்குப் பணம் பெரிதாகப் போகாது. மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான், சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புறநகரில் போவது நேரம்தான். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுகிறது என்று வையுங்கள். மாதம் 22 நாள், வருடத்தில் பதினோரு மாதம் என்றால் 363 மணி நேரம். இரவு பகலாகப் பதினைந்து முழு நாள். குழந்தைக்கு மூன்று வயதாக இருக்கும்போது அந்தப் பதினைந்து நாளுக்கு என்ன மதிப்பு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நானும் மனைவியும் அதைப் பேசாமலேயே கிளம்பினோம். பேசியிருக்க வேண்டும்.

ரயில் பாதையை ஒட்டிய ஊர் என்றால் எது வரைக்கும் போகலாம்?

கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931லிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் பெருத்தது அதனால்தான். தாம்பரம் வரைக்கும் வண்டிக்குப் பஞ்சமில்லை. சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. நிறைய வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் போகிறவர்கள் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். 'தாம்பரத்திலிருந்து பத்தே நிமிஷம்' என்று புரோக்கர் சொல்வது வண்டி கிடைத்த பிறகான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் வண்டிகள் இன்னும் குறையும்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் போய்விட்டு வருகிறார்கள். அப்படிப் பார்த்தால் எதுவும் தெரியாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்று, உங்கள் அலுவலகம் வரை வழக்கமாக எப்படிப் போவீர்களோ அப்படியே போங்கள். சாயங்காலம் அதே வழியில் திரும்புங்கள். பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

மெட்ரோ வரப்போகிறது, இப்போதே வாங்கிப்போட்டால் லாபம் என்கிறார்களே?

முதல் மெட்ரோ வண்டி ஆலந்தூர்–கோயம்பேடு இடையே ஓடியது 2015 ஜூனில். முதல் கட்டத்தின் நீட்டிப்பு விம்கோ நகரைத் தொட்டது 2021இல். இரண்டாம் கட்டம் மூன்று தடங்களாக 118.9 கிலோமீட்டர். பழைய மகாபலிபுரம் சாலையும் பூந்தமல்லியும் அதில் அடக்கம். நல்ல திட்டம்தான், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் நிலையம் வருவதற்கு முன்பே விலையில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள். குடியிருக்க வாங்குகிறவர் இன்றைக்கு ஓடுகிற வண்டிக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் ஊருக்குப் பேருந்து கிடைக்கும் என்றால் அது இன்றே இருக்கிற வசதி. 2023 டிசம்பர் கடைசியில் அந்த நிலையம் திறந்தபின், மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பொங்கலுக்குப் போகிற எங்களுக்குப் பயணம் சுருங்கிவிட்டது. மயிலாப்பூரில் இருக்கும் என் அக்காதான் இப்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறாள்.

தண்ணீர் எப்படி?

இரண்டு பக்கமும் கவலை உண்டு, ஆனால் அதன் விதம் வேறு. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தபோது தவித்தது நகரம்தான். மாம்பலத்தில் அடிபம்பு முன்னால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அலுவலகம் போனது எனக்கு மறக்காது. அதற்குப் பிறகு நெம்மேலியில் நாளுக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது கடல்நீர் குடிநீர் ஆலை 2024இல் வந்தது. குழாய் இருக்கிற தெருவுக்கு இன்று நிலைமை பரவாயில்லை.

புறநகரின் புது அடுக்ககங்கள் பலவற்றில் குழாயே கிடையாது. போர் தண்ணீர், அது போதாவிட்டால் லாரி, குடிக்க கேன். வீடு பார்க்கும்போது விற்கிறவரிடம் கேட்காதீர்கள், அவர் 'இருபது அடியில் தண்ணி' என்றுதான் சொல்வார். பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேனிடம் கேளுங்கள்: மே மாதம் வாரத்துக்கு எத்தனை லாரி வருகிறது? அதை மாதத்துக்குக் கணக்குப் போட்டு வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மெயின்டனன்ஸ் தொகையின் உண்மை தெரிந்துவிடும். கூடவே பாதாளச் சாக்கடை இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். கழிவுநீர் லாரிக்கும் காசு நம்முடையதுதான்.

வெள்ளம் வரும் இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பட்டது நாங்கள்.

2023இல் முடிச்சூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். வாடகை குறைவு, காற்றோட்டமான வீடு, வாசலில் வேப்பமரம். வாங்குவதென்றால் இந்தத் தெருவிலேயே வாங்கிவிடலாம் என்று மனைவி சொன்னாள். அட்வான்ஸ் பேசவும் ஆரம்பித்திருந்தோம். டிசம்பர் 3ஆம் தேதி இரவு மிக்ஜாம் புயல் மழை. விடிகாலையில் கட்டிலுக்குக் கீழே செருப்பு மிதந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் அம்மாவை மாடி வீட்டுக்கு ஏற்றினோம். நான்கு நாள் மின்சாரம் இல்லை. மாடி வீட்டு அக்காதான் எங்கள் ஐந்து பேருக்கும் சோறு போட்டார்கள்.

அப்போதுதான் தெருவில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார், 2015 டிசம்பரிலும் இதே தெருவில் இதைவிட அதிகமாக நின்றது என்று. அடையாறு அந்தப் பக்கமாகத்தான் வருகிறது. முடிச்சூர், வரதராஜபுரம் பெயர்கள் இரண்டு வெள்ளத்திலும் செய்தியில் வந்தவை. நாங்கள் வீடு பார்த்தது ஏப்ரலில். ஏப்ரலில் எல்லாத் தெருவும் அழகாக இருக்கும்.

வாடகைக்கு இருந்ததால் பிப்ரவரியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேற முடிந்தது. வாங்கியிருந்தால் அந்தத் தண்ணீரோடு இருபது வருடம்.

அதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான். எந்த ஊரில் வாங்க நினைக்கிறீர்களோ, அந்த ஊரில் ஒரு ஐப்பசி, கார்த்திகை வாடகைக்கு இருந்து பாருங்கள். முடியாவிட்டால் மழை பெய்கிற நாளில், பெய்து நின்ற மறுநாளில், குறைந்தது இரண்டு தடவை போய்ப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, பழைய வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்து போயிருக்கின்றனவா, புது வீடுகள் மட்டும் ஏன் நான்கடி மேடையில் நிற்கின்றன என்று கவனியுங்கள். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் பல நேரம் உண்மையைச் சொல்லிவிடும். ஏரிக்கரைத் தெரு, தாங்கல், ஓடைத் தெரு என்றிருந்தால் விசாரிக்காமல் நகராதீர்கள்.

நகரத்துக்குள் இந்தப் பயம் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தியாகராய நகரே 1920களில் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்து எழுப்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, லேக்தான் இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகர் மிதந்தது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது, ஆனால் அதற்குள் அதன் பெரும்பகுதி கட்டடமாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. அதை ஒட்டிய வேளச்சேரியில் நிற்கும் தண்ணீர் போக இடம் தேடுகிற தண்ணீர்.

புறநகர் மனை என்றால் எந்தெந்தப் பத்திரம் பார்க்க வேண்டும்?

தாய்ப் பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, உட்பிரிவு ஆன புல வரைபடம். இவற்றோடு, கிராம நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேட்டையும் பாருங்கள். அந்தப் புல எண் ஒரு காலத்தில் ஏரியாகவோ ஓடையாகவோ மேய்ச்சல் புறம்போக்காகவோ இருந்ததா என்பதற்குத் தடயம் அங்கே கிடைக்கும். பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்த்துவிடலாம்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்புத் துறை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்கு மட்டும், கட்டணம் வாங்கி அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்த வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுக்ககம் என்றால் ரெரா, அதாவது வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ இருந்தால் பதிவு கட்டாயம். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. கட்டுமானக் குறை ஐந்து வருடத்துக்குள் தெரிந்தால் அவர் சரிசெய்து தர வேண்டும். விலையை, பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் அளவில் சொல்வார்கள். வீட்டுக்குள் புழங்கக் கிடைக்கும் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, யு.டி.எஸ். என்கிற பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டடம் பழசாகும், நாளைக்கு விலை பெறுவது அந்த நிலப் பங்குதான்.

பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

மனைக்கும் மறுவிற்பனை வீட்டுக்கும் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். புது அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து வேறு கணக்கு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

நகரத்துக்குள் பழைய ஃபிளாட் குறைந்த விலைக்கு வருகிறதே?

யோசிக்க வேண்டிய வழிதான். முப்பது வருடக் கட்டடங்களில் வீடுகள் குறைவு என்பதால் நிலப் பங்கு பெரும்பாலும் தாராளமாக இருக்கும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும். ஆனால் வயதான கட்டடத்துக்கு வங்கி தயங்கும், கடன் காலத்தைக் குறைக்கும். கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு. இடித்துக் கட்டும் இரண்டு மூன்று வருடம் எங்கே இருப்பீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் பேசுங்கள். எங்களுக்கு ஊரப்பாக்கத்தில் பத்து ஐந்தாகக் குறைந்தது.

கணவன் வேலை கிண்டியில், மனைவி வேலை சிறுசேரியில். என்ன செய்வது?

வாங்காதீர்கள், வாடகைக்கு இருங்கள். இருவரில் அதிகம் களைத்து வருகிறவரின் அலுவலகத்துக்குப் பக்கம் வீடு எடுங்கள். வேலை மாறிக்கொண்டே இருக்கும் வயதில் வீட்டை ஒரு மூலையில் ஊன்றிவிட்டால், பிறகு வீட்டுக்காக வேலையை விட வேண்டியிருக்கும். பெரும்பாலும் அந்த வேலை மனைவியுடையதாக இருக்கிறது. என் தங்கை அப்படி விட்டாள்.

வயதான அப்பா அம்மா கூட இருக்கிறார்கள். புறநகர் அவர்களுக்கு ஒத்துவருமா?

வீடு வாங்கும் பேச்சில் கடைசியாகத்தான் இந்தக் கேள்வி வருகிறது. முதலில் வர வேண்டியது. அலுவலகம் போகிறவர் வீட்டில் இருப்பது ராத்திரி மட்டும். நாள் முழுக்க அந்த ஊரில் வாழப்போகிறவர்கள் அவர்கள்.

மாம்பலத்தில் அம்மாவுக்கு எல்லாம் நடக்கிற தூரம். காலையில் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம், திரும்பும்போது கீரை, வழியில் இரண்டு பேரோடு பேச்சு. கூடுவாஞ்சேரியில் முதல் ஆறு மாதம் அவர் வீட்டைவிட்டே இறங்கவில்லை. நடைபாதை இல்லை, தெருநாய் பயம், தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது. எங்களுக்கு வாடகை மிச்சமானபோது அம்மாவுக்குப் பல வருடத்துப் பழக்கம் போயிற்று. இதை எந்தக் கணக்குத் தாளிலும் நான் எழுதியிருக்கவில்லை.

மருத்துவமனையைப் பொறுத்தவரை, அருகில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 2023இல் கிண்டியில் பன்னோக்கு மருத்துவமனையும் வந்தது. தூரம் சமாளிக்கக்கூடியதுதான். ராத்திரி ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் போகும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவையுங்கள்.

திரும்ப முடிவெடுக்கச் சொன்னால் இதையேதான் செய்வீர்களா?

கூடுவாஞ்சேரிக்கு வருவேன். ரயில் நிலையம் எட்டு நிமிட நடை, 2024 மழையில் ஊரப்பாக்கத்து வாடகை வீட்டிலிருந்து வந்து பார்த்து, தெருவில் தண்ணீர் நிற்காததைக் கண்ணால் கண்ட பிறகுதான் இந்த வீட்டை வாங்கினோம். ஆனால் அம்மாவை முன்கூட்டியே ஒரு மாதம் அழைத்துவந்து தங்கவைத்திருப்பேன். இரண்டாம் மாடிக்குப் பதிலாக முதல் மாடி வாங்கியிருப்பேன். இப்போது தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் சாயங்காலம் நான்கைந்து பேர் உட்காருகிறார்கள். அம்மா படியிறங்கப் பத்து நிமிடம் ஆகிறது, ஆனால் ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்.